லெஃப்டினன்ட்டுக்கு என்ன எழுத்து

கோயமுத்தூர் கணபதியில் யாகூப் பாயின் வார்ப்படப் பட்டறைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வேலை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், தெய்வாத்தாள் சலித்துக்கொண்டிருந்த மண்ணை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். வேலை என்றால் சாதாரண வேலையா? பாதிக் கதவு அளவுக்கு ஒரு வெண்கலப் பலகை. அதில் ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் எழுத்தாக எழுந்து நிற்க வேண்டும். அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவின் கையில் இருந்த காலத்தில், காட்டுக்குள் போய் ஓர் ஊரையே உண்டாக்கிய பட்டாளத்துக்காரன் ஒருவனின் குடும்பக் கதை. அந்த ஊருக்கு இப்போது பெரிய ஆண்டு விழா. பலகை கப்பலில் போக நேரமில்லை, சனிக்கிழமை விமானத்தில் ஏறியாக வேண்டும் என்றார்கள். தான் பார்த்தே இராத விமானத்தில் தான் மிதித்த மண்ணில் வார்த்த பலகை போகப்போகிறது என்று நினைத்ததும் தெய்வாத்தாளுக்கு நிலைகொள்ளவில்லை.

அவள் கொடுமுடிப் பக்கம் மஞ்சள் வெட்டியும் கரும்பு கட்டியும் வளர்ந்தவள். கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்த நாளிலிருந்து இந்தப் பட்டறை மண்ணோடுதான் வாழ்க்கை. சலிப்பது, நனைப்பது, மிதித்துப் பதமாக்குவது, வார்த்து முடித்ததை மறுபடி உடைத்துச் சலிப்பது. இரண்டு தோள்பட்டையும் தேய்ந்து, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அந்தப் பக்கம் கோபித்துக்கொள்ளும். நாற்பது தாண்டிய பிறகு மாநகராட்சிப் பள்ளியில் சாயங்கால வகுப்புக்குப் போய்த் தமிழ் எழுத்துக் கற்றாள். இங்கிலீஷ் எழுத்தை யாரும் சொல்லித்தரவில்லை. அது விரல் வழியாக ஏறியது. பேர்ப்பலகை செய்யும்போது, மரப்பலகையின் மேல் சின்னச் சின்ன உலோக எழுத்துகளை ஒட்டுவார்கள். அந்தப் பலகையை மண்ணில் அமுக்கி எடுத்தால் எழுத்தின் பள்ளம் மண்ணில் விழும். பள்ளத்தில் வெண்கலத்தை ஊற்றினால் எழுத்து மேடாக எழும்பி வரும். வேலை முடிந்ததும் எழுத்துகளைப் பெயர்த்து, பசையைக் கழுவி, அறை அறையாகப் பிரித்த பெட்டியில் திரும்ப அடுக்குவது தெய்வாத்தாளின் வேலை. அடுக்கி அடுக்கியே அவளுக்கு எழுத்துகளின் குணம் தெரியும். எஸ் எப்போதும் கையை விட்டு நழுவும். இ-க்கு மூன்று பல். எக்ஸ் எப்போதாவதுதான் வேலைக்கு வரும், மற்ற நாளெல்லாம் அறைக்குள் தூக்கம்.

எழுத்து ஒட்டிக்கொண்டிருந்த ஆள் துபாய்க்குப் போய்விட்டான். ஜன்னலோரம் அவனுடைய மேஜையும், முதுகு சாய்க்க ஒரு நாற்காலியும், தலைக்கு மேல் மின்விசிறியும் சும்மா கிடந்தன. உட்கார்ந்து செய்யும் வேலை. அதுவும் எழுத்து வேலை. தெய்வாத்தாள் போய் யாகூப் பாயிடம் கேட்டுவிட்டாள். பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"இந்த அமெரிக்காப் பலகைய நீயே ஒட்டிப் பாரும்மா. சுத்தமா வந்துச்சுன்னா மேஜை உன்னுது. ஒரு எழுத்துப் பிசகினாலும், பெரியநாயக்கன்பாளையத்துல கௌதமன்னு ஒரு பையன், டிப்ளமோ படிச்சவன், திங்கக்கிழமை வந்து உக்காந்துக்குவான். அவன்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன். அப்பறம் பாய் ஏமாத்திட்டாருன்னு சொல்லப்படாது."

"சொல்ல மாட்டனுங்க," என்றாள் தெய்வாத்தாள். அதற்குள் மேஜையைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

உலை பார்க்கும் அங்கப்பனுக்கு அன்றைக்கெல்லாம் வாய் நிற்கவில்லை. நேற்றுவரை மண் மிதித்த கால் இன்றைக்கு மேஜைக்கடியில் ஆடுகிறது, நாளைக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளும், மறுநாள் நமக்கே லீவு லெட்டர் எழுதச் சொல்லும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் அளந்தான். தெய்வாத்தாள் தலை நிமிரவில்லை. பாயின் மகள் யுஸ்ரா கம்ப்யூட்டரில் அடித்து, அதே அளவில் அச்செடுத்துக் கொடுத்த தாளை மேஜையில் விரித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

யுஸ்ரா பி.காம் படிக்கிறவள். பட்டறைக்கு வரும் இங்கிலீஷ் கடிதமெல்லாம் அவள் கையில்தான். கல்லூரி விட்டு வந்ததும் மேஜையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தெய்வாத்தாள் ஒட்டி முடித்த வரிகளைத் தமிழில் சொல்வாள். ஒட்டுகிறவளுக்கு ஒட்டுவது என்னவென்று தெரியாமல் இருக்கலாமா என்பது அவள் கட்சி.

ஒபதையா ரென் என்பது அந்தப் பட்டாளத்துக்காரனின் பேர். அப்பன் கப்பலேறி வந்த வருஷமே காய்ச்சலில் செத்துப்போனான். அம்மா ஊரார் துணியைத் துவைத்துப் பையனை வளர்த்தாள். பையன் ஊர்க்காவல் படையில் சேர்ந்தான், சண்டைக்குப் போனான், முழங்காலில் குண்டோடு திரும்பினான். சண்டைக்குப் போனதற்காகக் கிடைத்த நிலத்தில் ஆற்றங்கரையில் மரக்கோட்டை ஒன்று கட்டி, அணை போட்டு, மாவு அரைக்கும் ஆலை வைத்தான். ஆலைக்கு வந்த சனம் அங்கேயே வீடு கட்டிக்கொள்ள, ரென்ஸ்ஃபோர்ட் என்று ஓர் ஊர் ஆகிவிட்டது.

தெய்வாத்தாளுக்குச் சீரியல் பார்ப்பதைவிட இது ருசித்தது. நாளைக்கு என்ன ஒட்டப்போகிறோம், அந்தக் குடும்பத்தில் யார் பிறக்கப்போகிறார்கள், யார் சாகப்போகிறார்கள் என்ற பரபரப்பிலேயே காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவாள். கேள்விகளும் கேட்பாள். அந்தக் காட்டை வெட்டியது யார், அவன் ஒற்றை முழங்காலை வைத்துக்கொண்டு தானே வெட்டியிருக்க மாட்டானே என்று கேட்டாள். முன்னால் அந்த ஆற்றங்கரையில் இருந்த சனம் எங்கே போனது என்றும் கேட்டாள். யுஸ்ரா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதெல்லாம் எழுதவில்லை என்றாள். எழுத மாட்டார்கள் என்று தெய்வாத்தாளுக்கும் தெரியும். அவள் வீட்டில் தாத்தனுக்கு மேலே யார் பேரும் யாருக்கும் தெரியாது. யார் வயலில் வேலை செய்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

குழந்தைகள் வரிக்கு வந்தபோது பட்டறையே கூடிவிட்டது. ஒபதையாவுக்கு மூன்று பெண்கள். பேஷன்ஸ், தேங்க்ஃபுல், சைலன்ஸ். பொறுமை, நன்றி, மௌனம் என்று யுஸ்ரா சொல்லச் சொல்ல, அங்கப்பன் உலைக்கம்பியோடு வந்து நின்றுகொண்டான். மௌனம் என்று பேர் வைத்த பிள்ளைதான் ஊரையே கூட்டியிருக்கும், வேண்டுமானால் பந்தயம் என்றான். அதற்குப் பிறகு ஒரே பையன். தெய்வாத்தாள் தாளைப் பார்த்துக் கையிலிருந்த எழுத்தைக் கீழே வைத்துவிட்டாள். பையன் பேரும் ஒபதையா.

"யுஸ்ராக்கண்ணு, இது தப்பாட்டத் தெரியுது. அப்பன் பேரையே ரெண்டாந்தரம் அடிச்சுப்போட்டீங்களா?"

"இல்லக்கா. அங்கெல்லாம் அப்பா பேரையே புள்ளைக்கு வெப்பாங்க."

அங்கப்பனுக்கு இது தாங்கவில்லை. "அதெப்படி அம்மணி? பொண்டாட்டிக்காரி பையனை எப்படிக் கூப்பிடுவா? புருசன் பேரைச் சொல்லியா வையோணும்?"

"ஏன், நல்லதுதானே," என்றாள் தெய்வாத்தாள். "புருசன் மேல இருக்கற கோவத்தையெல்லாம் பையனை வையறாப்பல வெச்சுத் தீத்துக்கலாம்."

யாகூப் பாய்கூடச் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, யுஸ்ராவைக் கூப்பிட்டு எதற்கும் அமெரிக்காவுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுக்கொள்ளச் சொன்னார். ஆர்டர் கொடுத்த ஹாரியட் அம்மாள் அந்தக் குடும்பத்தின் கடைசிக் கொழுந்து, வயதானவர். சரிதான், ஒபதையாவின் மகன் ஒபதையாதான் என்று பதில் வந்தது. சந்தேகம் கேட்டதற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார். தெய்வாத்தாள் அன்றைக்கு வீட்டுக்கு நடந்துபோகவில்லை, மிதந்துபோனாள். அமெரிக்காவிலிருந்து நன்றி. அவளுக்கு.

வெள்ளிக்கிழமை வந்தது. பலகையில் எல்லா எழுத்தும் ஒட்டியாகிவிட்டது. மதியம் வார்ப்பு. சாயங்காலம் ஹாரியட் அம்மாள் வீடியோவில் பார்த்துச் சரி என்றால் மறுநாள் காலை பெட்டி கட்டி அனுப்பிவிடலாம். அங்கப்பன் காலையிலேயே உலையை மூட்டிவிட்டான். உலோகம் உருக்கும் மூசைக்குள் செம்பும் தகரமும் இளக ஆரம்பித்து, பட்டறை முழுவதும் அந்த இனிப்பான காந்தல் வாசனை.

யாகூப் பாய் கைகால் கழுவித் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஜும்ஆவுக்குக் கிளம்பும் நேரம், அவருடைய போன் சிணுங்கியது. யுஸ்ரா குரலில் பேசி அனுப்பியிருந்தாள். பாய் அதைத் தெய்வாத்தாளின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"அத்தா, ஹாரியட் மேடம் ராத்திரி போட்ட மெயிலை இப்பத்தான் பாத்தேன். மேல பேருக்கு முன்னாடி எல்.டி.ன்னு சுருக்கிப் போட்டிருக்கோம்ல, அது வேண்டாமாம். லெஃப்டினன்ட்னு முழுசாப் போடணுமாம். தெய்வாக்காகிட்ட சொல்லிருங்க. நான் எக்ஸாம் ஹாலுக்குள்ள போறேன், போனை ஆஃப் பண்றேன்."

பாய் இன்னொரு தரம் போட்டுக் காட்டினார். "கேட்டுக்கிட்டியாம்மா? பாத்து மாத்தி ஒட்டிப்போடு. நான் தொழுதுட்டு அப்படியே உக்கடம் போய்ச் செம்புக்குச் சொல்லிட்டு வாரேன்." செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

தெய்வாத்தாள் பலகைக்கு முன்னால் நின்றாள். எல், டி, ஒரு புள்ளி. மூன்றையும் மெல்லப் பெயர்த்தெடுத்தாள். அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. இதுவரைக்கும் தாளைப் பார்த்து ஒட்டினாள். இந்த வார்த்தைக்குத் தாள் கிடையாது. பேச்சுத்தான் இருக்கிறது.

அங்கப்பன் உலையடியிலிருந்து கத்தினான். மூசை தயார், பலகையைக் கொடுத்தால் மண்ணில் அமுக்கி அச்செடுக்கலாம், நேரமானால் உலோகம் கெட்டுவிடும், பாயிடம் யார் பேச்சு வாங்குவது என்றான். அவனிடம் எழுத்துக் கேட்டால், பட்டாளத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள், உன் மேஜை உன் பாடு என்றான். அவள் கையில் இருந்தது பட்டன் போன். வெளியே போய் மருந்துக்கடையில் கேட்கலாம். ஆனால் எழுத்து மேஜைக்காரி தெருவில் நின்று எழுத்துக் கேட்டாள் என்று தெரிந்தால், திங்கட்கிழமை வரை எதற்கு, இன்றைக்கே கௌதமனை வரச்சொல்லிவிடுவார் பாய்.

கண்ணை மூடிக்கொண்டு யுஸ்ராவின் குரலைத் திரும்ப வரவழைத்தாள். லெஃப்டினன்ட். நடுவில் காற்று ஊதுகிற ஃ இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. ஃ என்றால் எந்த எழுத்து என்பதை இந்தப் பட்டறையில் யாரும் மறக்க மாட்டார்கள். பாயின் தங்கை முறை ரிஃபத் அம்மாளின் புது வீட்டுக்குப் பேர்ப்பலகை செய்தபோது, துபாய்க்குப் போன அந்த ஆள் எஃப் போட வேண்டிய இடத்தில் பி போட்டுவிட்டான். ஆர், ஐ, பி என்று ஆரம்பித்த பலகையை வாசலில் மாட்டியபிறகுதான், இரங்கல் பேனரில் போடுகிற அதே மூன்று எழுத்து என்று தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. ரிஃபத் அம்மாள் இன்னும் பாயோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆகவே எஃப். அடுத்தது? லெஃப்ட். லெஃப்ட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். மில் ஒன்றின் கேட்டுக்கு இடது பக்கம் போகச்சொல்லி வரிசையாகப் பலகை வார்த்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளைக் கழுவி அடுக்கியது இவள்தான். எல், இ, எஃப், டி. விரல் தானாகப் போய் எடுத்தது. மிச்சம் டினன்ட். அதுவும் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. அடுக்குமாடிக் கட்டடத்துக்காரர்கள், குடியிருக்கிறவர்கள் மட்டும் வண்டி நிறுத்தச்சொல்லி ஒரு பலகை கேட்டார்களே. டெனன்ட். டி, இ, என், ஏ, என், டி.

"லெஃப்ட், டெனன்ட்," என்று வாய்க்குள் உருட்டினாள். "லெஃப்டெனன்ட்." யுஸ்ராவின் குரல் அப்படியே வந்தது. தெய்வாத்தாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரும் சொல்லாமல், எதையும் பார்க்காமல், ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தானே கட்டியிருக்கிறாள். வரிசையாக வைத்துப் பார்த்தால் வரி ஓர் எழுத்தளவு நீண்டது. நடுவில் இரண்டு டி ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு சத்தத்துக்கு எதற்கு இரண்டு என்று ஒன்றை எடுத்தாள். வரி கச்சிதமாக உட்கார்ந்தது. பசை தடவி அமுக்கிவிட்டு, "இந்தாங்கண்ணா, எடுத்துக்கங்க," என்று குரல் கொடுத்தபோது அவள் குரலில் ஒரு மிதப்பு இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். மண்ணை அமுக்கி, பலகையைத் தூக்கி, உதிர்ந்த மணலை ஊதி, மண்பெட்டியை மூடி, மூசையை இரண்டு பேர் பிடிக்க, பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் வெண்கலம் நூலாக இறங்கியது. தெய்வாத்தாள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அதோ ஒபதையாவின் அம்மா துணி துவைக்கிற வரிக்குள் ஓடியிருக்கும். அதோ ஆலை. அதோ மௌனம்.

ஆறின பிறகு பெட்டியை உடைத்து, ஒட்டிய மண்ணைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். பாயும் அதற்குள் உக்கடத்திலிருந்து வந்துவிட்டார். பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். ஓட்டை இல்லை, வெடிப்பு இல்லை, ஓர் எழுத்துக்குக்கூட மூக்கு உடையவில்லை. விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போனவர், இந்தப் பட்டறையில் இவ்வளவு சுத்தமாக ஒரு பலகை வந்து நாளாகிவிட்டது என்றார். அங்கப்பன்கூட, மேஜைக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டுவிடலாம் என்றான். அது அவன் பாஷையில் பாராட்டு.

யுஸ்ரா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். பலகையைப் பார்த்ததும் கை தட்டினாள். கிட்டே வந்தாள். மேல் வரியைப் படித்தாள். தட்டின கை வாயைப் பொத்திக்கொண்டது.

தெய்வாத்தாளுக்கு அது போதும். மண் சரிகிற மாதிரி அவளுக்குள் எல்லாம் சரிந்தது.

லெஃப்டினன்ட்டுக்கு எஃப்பே கிடையாது என்று யுஸ்ரா மெதுவாகச் சொன்னாள். எல்லுக்குப் பிறகு ஐ, இ, யு. சொல்லும்போதுதான் ஃ வருமாம், எழுதும்போது வராதாம். பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி வார்க்க உலோகம் இருக்கிறது, நேரம் இல்லை. விழாத் தேதியை யாரும் தள்ளிவைக்கப்போவதில்லை.

"வார்ப்புல ஓட்டை விழுந்துபோச்சு, ரெண்டு நாள் ஆகும்னு சொல்லிரலாம்," என்றார் கடைசியில். "அந்தம்மா கோவிச்சுக்கும். கோவிச்சுக்கட்டும்."

தெய்வாத்தாள் மேஜையைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது இனிமேல் கௌதமனுக்குச் சுற்றும். அதைவிட, ஓட்டையே விழாத அந்தப் பலகையை ஓட்டை என்று சொல்வது அவளுக்குப் பொறுக்கவில்லை. அங்கப்பன் கையில் கொப்புளத்தோடு ஊற்றினது அது.

"ஓட்டைன்னு சொல்லாதீங்க பாய். வார்ப்பு நல்ல வார்ப்பு. எழுத்துத்தான் என் தப்பு. உள்ளதைச் சொல்லுங்க. திங்கக்கிழமை நான் மண்ணுக்குப் போயிக்கறேன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் யுஸ்ராவின் போன் அடித்தது. அமெரிக்கா. இங்கே விளக்குப் போடும் நேரம், அங்கே காலை. பாய் சரி என்று தலையசைத்தார்.

திரையில் ஒரு வெள்ளை முடிக்காரம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு சிரித்தார். யுஸ்ரா போனைப் பலகைக்கு நேரே பிடித்து, தப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஹாரியட் அம்மாள் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். முகத்தைத் திரைக்கு வெகு கிட்டே கொண்டுவந்தார். கண்ணாடியைத் தூக்கினார், இறக்கினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். திரையில் காலி நாற்காலி மட்டும் இருந்தது.

"போச்சு," என்றான் அங்கப்பன்.

நாற்காலி காலியாகவே இருந்தது. எங்கோ ஒரு நாய் அமெரிக்காவில் குரைத்தது. பிறகு தடதடவென்று காலடிச் சத்தம். அந்த வயதில் அப்படி ஓடி வந்திருக்க வேண்டாம். மூச்சு வாங்க, சட்டம் போட்ட ஒரு போட்டோவைத் திரைக்கு நேரே பிடித்தார். பாசி படிந்த ஒரு கல்லறைக் கல். பாதி எழுத்து பனியில் அரித்துப் போயிருந்தது. மிஞ்சியிருந்த முதல் வரியில், கோணல்மாணலாக, உளியால் கொத்திய எழுத்துகள்.

தெய்வாத்தாள் யாரும் சொல்வதற்கு முன்னால் படித்துவிட்டாள். எல், இ, எஃப், டி. ஒரே ஒரு டி. இ, என், ஏ, என், டி.

ஹாரியட் அம்மாள் கடகடவென்று பேசிக்கொண்டே போனார். யுஸ்ராவால் தமிழ்ப்படுத்தி மாளவில்லை. இது ஒபதையாவின் கல்லறையாம். அந்தக் காலத்தில் கல் கொத்தினவனுக்குப் புத்தக எழுத்துத் தெரியாது, ஊரில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே கொத்திவிட்டானாம். கல் அழிந்துகொண்டே வருகிறதே என்றுதான் பக்கத்தில் நட இந்தப் பலகையைச் செய்யச் சொன்னாராம். கல்லில் உள்ளபடியே போடலாம் என்று சொன்னபோது விழாக் கமிட்டிக்காரர்கள், தப்பெழுத்தை வெண்கலத்தில் போட்டால் ஊர் சிரிக்கும் என்று மறுத்துவிட்டார்களாம். போட்டோவை இவர் யாருக்கும் அனுப்பவேயில்லை. அப்படியிருக்க, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

எல்லாரும் தெய்வாத்தாளைப் பார்த்தார்கள். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. காதுல உளுந்ததை ஒட்டினேன். நீங்க எப்படிச் சொல்லுவீங்க அந்த வார்த்தைய?"

யுஸ்ரா கேட்டாள். ஹாரியட் அம்மாள் சொன்னார். "லூட்டினன்ட்."

தெய்வாத்தாள் திகைத்துப்போனாள். எஃப்பைக் காணோம். அவர் சொன்னபடி ஒட்டியிருந்தால் அது வேறு ஒரு வார்த்தையாகப் போயிருக்கும். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் போலத்தான் அங்கேயும் லெஃப்டினன்ட் என்று சொல்லியிருப்பார்கள், பின்னால்தான் எங்கள் ஊரில் மாறிவிட்டது, உங்கள் ஊரில் அப்படியே நின்றுவிட்டது என்று அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிவாக அவர் சொன்னது இது. இந்தப் பலகை நாளைக்கே கிளம்பட்டும், கல்லுக்குப் பக்கத்தில் இதுதான் நிற்கும், அது குடும்பத்து நிலம், கமிட்டி அங்கே வாயைத் திறக்க முடியாது. டவுன் ஹாலில் மாட்ட இன்னொன்று, புத்தக எழுத்தில், அடுத்த மாதம் வந்தால் போதும். பாய் கொடுத்த பெருமூச்சில் மேஜைமேல் இருந்த தாள் பறந்தது.

போன் அணைந்ததும் பட்டறையில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அங்கப்பன், நான் அப்பவே சொன்னேன் என்றான். அவன் அப்போது சொன்னது போச்சு என்பது மட்டும்தான். பாய் மட்டும் தெய்வாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா சந்தோசப்பட்டுச்சு, சரி. ஆனா எழுத்துப் பிசகினது பிசகினதுதானேம்மா. நாளைக்கு இன்னொருத்தன் ஊட்டுப் பேரை நீ காதுல கேட்டு ஒட்டினா என்ன பண்றது?"

நியாயமான கேள்விதான். தெய்வாத்தாள் தலை குனிந்தாள். குனிந்தபோது எழுத்துப் பெட்டி கண்ணில் பட்டது. எல்லா எழுத்தும் அதனதன் அறையில், அவள் கழுவி வைத்தபடி. அவள் நிமிர்ந்தாள்.

"பிசகினது நாந்தானுங்க. இல்லைங்கல. ஆனா நீங்க எனக்கு எழுதியா குடுத்தீங்க? போனைக் காதுல வெச்சீங்க, செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டீங்க. நான் காலம்பூரா காதுல கேட்டே வேலை செஞ்சவ பாய். காதுல கேட்டது போதும், இனிமேப் பாத்து ஒட்டலாம்னுதான் இந்த மேஜைக்கே வந்தேன். ரெண்டாவது பலகையும் நானே ஒட்டறேன். ஆனா இனிமே வாயில சொன்னா ஒட்ட மாட்டேன். ஒரே ஒரு எழுத்து மாத்தறதா இருந்தாலும் எழுதிக் குடுங்க. எழுதிக் குடுத்து நான் பிசகினேன்னா, கௌதமனை நானே போய்க் கூட்டிட்டு வாரேன்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. பாய் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கீழே விழுந்த தாளைப் பொறுக்கி, மேஜைமேல் வைத்துக் கவனமாக எழுதி நீட்டினார்.

யுஸ்ரா எட்டிப் பார்த்தாள். "அத்தா, யு-வ விட்டுட்டீங்க."

அங்கப்பன் உலைக்கம்பியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாய்க்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகள் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டு, பெரியநாயக்கன்பாளையத்துக்குப் போன் போட்டார். "கௌதமா, திங்கக்கிழமை வர வேண்டாங் கண்ணு. இங்க ஆள் இருக்குது," என்று அவர் சொன்னது தெய்வாத்தாளுக்குப் பாதிதான் கேட்டது. யுஸ்ரா கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்த தாளை அவள் விளக்குக்குக் கீழே பிடித்து, விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன கண்ணு, எல்லுக்கும் டிக்கும் நடுவுல மூணு பேர் சும்மா உக்காந்திருக்கறாங்க? ஒருத்தர் சத்தமும் வெளிய வரலியே."

"அப்படித்தான்க்கா. எழுதறதுல இருப்பாங்க, சொல்றதுல இருக்க மாட்டாங்க."

தெய்வாத்தாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கிளம்புகிற நேரம், நாளைக்குச் செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை. தாளைப் பார்த்தாள், பெட்டிக்குள் கையை விட்டாள், முதலில் எல் எடுத்து வைத்தாள். பிறகு ஐ. பிறகு இ. பிறகு, சொல்லும்போது யாரும் கூப்பிடாத யு-வை அதன் அறையிலிருந்து எடுத்துத் தூசி ஊதி, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் நேராக நிறுத்தினாள்.